சிவப்புத் தலைப் பொய்மீன்

மாஸ்டருக்குத் தெரியாத விஷயம் என்று இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் மாஸ்டர்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொண்டு, தன் காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடுத்தவர் செய்யும் தப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. வருடக்கணக்கில் அப்படி உட்கார்ந்த மனுஷனுக்குக் காரைவிட்டு இறங்கிய பிறகும் காலுக்கடியில் அந்த பிரேக் இருப்பது போலவே ஒரு நினைப்பு. முடிவெட்டப் போனால் கத்தரியை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று சொல்வார். வீட்டில் குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் அவன் தலைக்குமேல் குனிந்து நின்று, "இடது பக்கம் திருகு, இடது பக்கம்" என்பார். வலது பக்கம் திருகித்தான் குழாய் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, "அதான், நான் சொன்னேன்ல" என்பார்.

அவர் மனைவி இதற்கெல்லாம் பதில் பேசமாட்டாள். முன்னறையில் ஜன்னலை ஒட்டி அவளுடைய தையல் மெஷின் கிடந்தது. பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, கல்யாணப் பெண்களின் கவுன், கிழிந்த கோட்டு என்று தெருவே அவளிடம் வந்து போகும். கிழிசலை இழை சேர்த்துத் தைத்துக் கொடுத்தாளென்றால் கிழிந்த இடத்தைக் கிழித்தவனாலேயே கண்டுபிடிக்க முடியாது. புருஷன் பேசும்போது மெஷினைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பாள். அந்தச் சத்தத்தில் பாதி அமுங்கிவிடும்.

அவளுக்கு ஒரே தம்பி. ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ஏரியில் தூண்டில் போட்டு மீன் பிடித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது அவன் பிழைப்பு. எவ்வளவு அமுக்கினாலும் சிரித்துக்கொண்டே மேலே வந்துவிடுவான் என்பதால் சின்ன வயதிலேயே அவனுக்குத் தக்கை என்று பெயர் விழுந்துவிட்டது. மாஸ்டர் அவனை அமுக்காத நாள் கிடையாது. "நாள் பூரா தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதெல்லாம் ஒரு வேலையா மாப்ள?" என்பார். "தண்ணி பதிலுக்கு நம்மளப் பாக்கும் மாமா, போரடிக்காது" என்பான் அவன்.

அந்த வருடம் மாஸ்டருக்குத் தூண்டில் பித்துப் பிடித்தது. எல்லாம் செல்போனால் வந்த வினை. ஓய்வு நேரத்தில் காரைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, கண்ணாடி போன்ற தண்ணீரில் யாரோ ஆள் உயர மீனை இழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பார்த்துப் பார்த்து அதிலும் கரைகண்டாயிற்று என்று அவருக்குத் தோன்றிவிட்டது. "ஞாயித்துக்கிழம என்னையும் கூட்டிட்டுப் போ மாப்ள" என்று அவராகவே மச்சானைப் பிடித்து உலுக்கினார். தக்கைக்குச் சந்தோஷம். அத்தனை வருடத்தில் மாமா அவனிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் தூண்டில் கடைக்குப் போனார்கள். குறுகலான கடை. இரண்டு பக்கச் சுவரிலும் கொக்கி அடித்துப் பொய்மீன்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். மரத்தில் செதுக்கியது, தகரத்தில் அடித்தது, ரப்பரில் வார்த்தது. கரண்டி போல வளைந்து தண்ணீரில் சுழல்வது, வாலை ஆட்டுவது, உள்ளே குண்டுமணி போட்டுக் கிலுகிலுக்க வைத்தது என்று எத்தனையோ. நிஜ இரை ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மீனை ஏமாற்றுகிற வித்தை. மாஸ்டர் பொம்மைக் கடைக்குள் புகுந்த பிள்ளை மாதிரி நின்றார்.

"தண்ணி எப்படி இருக்கு?" கடைக்காரர் கேட்டது தக்கையை.

"மேல நல்ல மழை. கலங்கிக் கெடக்கு. கரையோரம் பூரா பாசி."

"அப்ப தவளைதான்" என்று கடைக்காரர் ஒரு ரப்பர் தவளையை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை அளவுகூட இல்லை. முதுகோடு ஒட்டினாற்போல இரண்டு முள் மேல்பக்கம் வளைந்து படிந்திருந்தது.

தக்கை அதை எடுத்து மாஸ்டர் கையில் அழுத்திக் காட்டினான். "பாருங்க மாமா, தடவினா முள்ளு கையில படாது. பாசி மேல குதிச்சுக் குதிச்சு வரும், எதுலயும் மாட்டாது. விரால் வந்து கவ்வுச்சுன்னா ரப்பர் அமுங்கும், அப்பத்தான் முள்ளு வெளிய வரும்."

"என்னடா இது, குழந்தையக் குளிப்பாட்டறப்ப தொட்டியில போடறதா?" மாஸ்டர் அதைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் கண் வேறொன்றின் மேல் போய் நின்றுவிட்டது. ஒரு சாண் நீளம். பால் வெள்ளை உடம்பு, ரத்தச் சிவப்பில் தலை, உருட்டி விழிக்கிற கண்ணாடிக் கண். வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மும்முள் கொத்து. செல்போனில் அந்த ஆள் வைத்திருந்ததும் இதேதான்.

"அது நல்ல சரக்குதான் மாமா, இல்லேன்னு சொல்லல" என்றான் தக்கை. "ஆனா அது ஆழத் தண்ணிக்கு. படகுல போறவங்க போடுவாங்க. கரையில நின்னு வீசினா பாசியத்தான் வாரிக்கிட்டு வரும்."

"மீனுக்குப் பசிச்சா பாசியாவது ஒண்ணாவது."

"அப்படி இல்ல மாமா. மீன் எங்க படுத்திருக்கு, இப்ப எதைத் தின்னுக்கிட்டிருக்கு, அந்தக் கலங்கல்ல அது கண்ணுக்கு எது தெரியும்னு பாத்துத்தான் எடுக்கணும். நம்ம கண்ணுக்கு எது புடிக்குதுன்னு பாத்து எடுத்தோம்னு வைங்க, மீனை நாம புடிக்கல, நம்மளக் கடைக்காரர் புடிச்சுட்டாருன்னு அர்த்தம்."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். தூண்டில் நரம்பு வாங்க வந்து நின்றிருந்த இன்னொரு ஆளும் சிரித்தான். அதற்குமேல் அந்தக் கடையில் வேறு எதை வாங்குவது? மாஸ்டர் சிவப்புத் தலையைக் கொக்கியிலிருந்து கழற்றி, "இதைக் கட்டுங்க" என்றார்.

வெளியே வந்ததும் தக்கை இடுப்பிலிருந்து ஒரு குறடு எடுத்தான். "சரி மாமா, உங்க இஷ்டம். எதிர்முள்ளையாவது நசுக்கித் தர்றேன். முள்ளு நுனியில பின்பக்கமா ஒரு செதில் மாதிரி நிக்குது பாருங்க, அது இருந்தா குத்தினது திரும்பி வராது. நசுக்கிட்டா மீனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. தவறிக் கையில கிய்யில ஏறிட்டா வந்த வழியே உருவிடலாம்."

"வாங்கின அன்னைக்கே பொருளை உடைக்கச் சொல்றியா? குடு இங்க" என்று மாஸ்டர் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் கூட வந்தாள். "நானும் வெளிய தெருவப் பாத்து எத்தனையோ நாளாச்சு" என்று ரொட்டியும் வேகவைத்த முட்டையும் பிளாஸ்கில் டீயுமாகப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். வானம் மூட்டமாக இருந்தது. ஏரிக்கரையில் காற்று ஒரே வாக்கில் அடித்துக்கொண்டிருந்தது. கரையோரமெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி பாசி, நடுநடுவே கறுப்பாகத் தண்ணீர்த் திட்டு. அவள் ஒரு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தாள். மாஸ்டர் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றார். தக்கை கொஞ்சம் தள்ளி, கரை வளைகிற இடத்தில் நின்றுகொண்டான்.

மாஸ்டர் வீசினார். சிவப்புத் தலை அழகாகப் பறந்துபோய் விழுந்தது. இழுத்தபோது ஒரு பிடி பாசியோடு வந்தது. இரண்டு கொத்து முள்ளிலும் சிக்கிய பாசியை ஒவ்வொரு இழையாகப் பிய்த்தெறிந்துவிட்டு மறுபடி வீசினார். மறுபடி பாசி. வீசுகிற நேரத்தைவிடப் பிய்க்கிற நேரம் அதிகமாகிவிட்டது. அந்தப் பக்கம் தக்கையின் தவளை பாசிமேல் துள்ளித் துள்ளி வந்து, ஒரு கறுப்புத் திட்டுக்கு வந்ததும் நின்றது. பொளக் என்று ஒரு சத்தம். கெட்டியான விரால் ஒன்று வளைந்து வளைந்து கரைக்கு வந்தது. அக்காள்காரி கைதட்டிச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அது முதலாவதைவிடப் பெரிது.

"என்னங்க, நீங்களும் அந்தத் தவளையத்தான் கட்டிப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

மாஸ்டர் காதில் வாங்கவில்லை.

"என்கிட்ட இன்னொண்ணு இருக்கு மாமா, மாத்திக்கிறீங்களா?" என்று தக்கை அங்கிருந்து குரல் கொடுத்தான்.

மாஸ்டருக்குக் காது மடல் சுட்டது. கடையில் கேட்ட சிரிப்பு இன்னும் அடங்கவில்லை போலிருந்தது. இந்தத் தடவை பாசியெல்லாம் தாண்டி நடுத்தண்ணீரில் கொண்டுபோய்ப் போடுகிறேன் பார் என்று காலை அகட்டி வைத்துக்கொண்டார். தூண்டில் கம்பைத் தோளுக்குப் பின்னால் நன்றாகக் கொண்டுபோனார். அப்போது அவள் பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி எடுத்துக்கொண்டு அவர் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"மாமா! பின்னாடி!" என்று தக்கை கத்தினான்.

மாஸ்டருக்குக் கேட்டது. காற்று அடித்தது உண்மைதான், ஆனாலும் கேட்டது. ஆரம்பித்துவிட்டான், கை பின்னாடி போகக்கூடாது, முன்னாடி போகக்கூடாது என்று இனி இதற்கும் பாடம் நடத்துவான் என்று நினைத்தார். திரும்பிப் பார்த்தால் அவன் சொன்னதைக் கேட்டது போலாகிவிடும். உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வீசினார்.

பொய்மீன் பறக்கவில்லை. கம்பு பாதியில் நின்று வளைந்தது. கிளையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து இன்னொரு தடவை வெட்டி இழுத்தார். பிளாஸ்க் மூடி கல்லில் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

அவள் கத்தவில்லை. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தொடாமல் வைத்துக்கொண்டு, "என்னங்க, என்னமோ ஆயிடுச்சு, என்னமோ ஆயிடுச்சு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே முழங்காலிட்டாள். இடது கண் இமையில் சிவப்புத் தலை தொங்கிக்கொண்டிருந்தது.

தக்கைதான் ஓடிவந்தான். தூண்டில் நரம்பை அறுத்தான். "யாரும் தொடாதீங்க, இழுக்காதீங்க" என்று சொல்லி, பையிலிருந்த காகித டம்ளரைக் கிழித்துப் பொய்மீனுக்கும் கண்ணுக்கும் மேலே கூடு மாதிரி கவிழ்த்துத் துண்டால் கட்டினான். அக்காவைப் பின் இருக்கையில் மடியில் சாய்த்துக்கொண்டான். ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் கிளச்சை விடத் தெரியாமல் வண்டியை அணைத்து அணைத்துக் கிளப்பினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"என் தப்புதான் டாக்டர்" என்றாள் அவர் மனைவி, கட்டிலில் படுத்தபடியே. "அவர் வீசுற நேரம் பாத்து டீயத் தூக்கிக்கிட்டுக் குறுக்க போயிட்டேன்."

மாஸ்டர் திறந்த வாயை மூடிக்கொண்டார். புருஷனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தார். நன்றியில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நன்றியை நினைத்துத்தான் பிற்பாடு அவர் ரொம்பக் கூசினார்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா, "முள்ளுல எதிர்முள் இல்லாம இருந்திருந்தா வந்த வழியே எடுத்திருக்கலாம். முன்னாடி தள்ளி வெட்டித்தான் எடுக்க வேண்டியதாயிடுச்சு" என்றார். முள் இமை வழியாகக் கண்ணுக்குள்ளேயே ஏறியிருக்கிறது, கண் உருவம் நிற்கும், வெளிச்சம் இருட்டு தெரியும், ஆள் அடையாளம் தெரியாது என்றார். தக்கை சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். குறடு பற்றி அவன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செய்தி கேட்டு மகள் வந்துவிட்டாள். வெளியூரில் மருந்துக் கடையில் வேலை, கல்யாணமானவள், வீட்டில் எல்லோருக்கும் இன்னும் பாப்பாதான். லீவு சொல்லிவிட்டு அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட, தலைக்குத் தண்ணீர் ஊற்ற, சோறு பொங்க என்று நின்றாள். கட்டை எடுத்துக் கண்ணை ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு மருந்து விடும்போதெல்லாம் திட்டிக்கொண்டே விடுவாள்.

"ஏம்மா, அவர் வீசுறது தெரியுதுல்ல? அந்த டீக்கு என்னம்மா அவ்ளோ அவசரம்?"

"அதான் எனக்கும் தெரியல பாப்பா. மரத்தடியிலேயே உக்காந்திருக்கலாம். என்னமோ அவர் முகம் வாடிக் கெடந்துச்சு, ஒரு வாய் டீ குடிச்சா தேவலையேன்னு எந்திரிச்சேன். புத்தி கெட்ட கழுத நான்."

பக்கத்து அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் அவரைக் காப்பாற்றவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். தக்கை கத்திய நேரம் கையிலிருந்த டீ சிந்தாமல் அதையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், அவன் எதற்குக் கத்தினான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பொத்தானைத் துளையில் போடத் தெரியாமல் மாஸ்டர் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

கட்டுப் பிரித்தபிறகு அவள் ஜக்கிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். படியிறங்கும்போது இல்லாத படியில் காலை வைத்தாள். மெஷினில் உட்கார்ந்து நூலை நாக்கில் நனைத்து ஊசிக் காதுக்கு நேரே கொண்டுபோவாள். நூல் ஊசிக்கு முன்னால் போகும், இல்லாவிட்டால் பின்னால் போகும். "டாக்டர் பழகிடும்னு சொன்னாங்கம்மா" என்பாள் மகள். "பழகும் பழகும்" என்பாள் இவள். தெருவிலிருந்து தைக்கக் கொண்டுவந்த துணிகளையெல்லாம் மகளைவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். யாரோ ஒருத்தியின் கல்யாணக் கவுன் மட்டும் பாதி தைத்தபடி மெஷின்மேல் கிடந்தது.

தக்கை தினமும் வந்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் கூட்டி வருவதும் அவன்தான். நல்ல மீனாகப் பொறுக்கிக் கழுவி நறுக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்காள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் காலையில் அவன் அப்படி வந்து நின்றபோது மகளுக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க. தூண்டில், ஏரின்னு இழுத்துட்டுப் போனது நீங்கதானே? அந்த மீனைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது."

"பாப்பா!" என்றாள் அம்மா.

"சும்மா இரும்மா. அப்பாவுக்கு என்ன தெரியும் தூண்டிலைப் பத்தி? தெரிஞ்சவர் பக்கத்துல நின்னு பாத்துக்க வேணாமா?"

தக்கை நிமிர்ந்தான். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தக்கையின் பார்வை அவர்மேல் பட்டு உடனே நகர்ந்துவிட்டது.

"நீ சொல்றது சரிதான் பாப்பா" என்றான். "நான் சத்தம் குடுத்தேன். காத்துல மாமாவுக்குக் கேக்கல. ஓடிப்போயி நிறுத்தியிருக்கணும்." மீன் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

மாஸ்டர் டம்ளரைக் காலி செய்தார். டீ எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை. இப்போது சொல்லியிருக்கலாம், அவன் தெருமுனை திரும்புவதற்குள்ளாவது கூப்பிட்டிருக்கலாம் என்று நினைத்தபடியே எழுந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அந்த வீட்டில் அவர் தன் டம்ளரைத் தானே கழுவியதை மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "பாவம்மா அப்பா, எப்படி இடிஞ்சு போயிட்டார் பாரு" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு தக்கை வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு மகள் ஆட்டோவில் கூட்டிப் போனாள். மாஸ்டர் வேலைக்குப் போனார், வந்தார். வாய் மட்டும் எங்கோ போய்விட்டது. குழாய் ஒழுகியது, ஆள் வந்தான், ஒழுங்காகத் திருகிவிட்டுப் போனான். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் அவரிடம் ரொட்டிக் கடைக்கார அம்மா ஒருத்தி கார் கற்றுக்கொண்டிருந்தாள். வயதில் பெரியவள், கனத்த உடம்பு, ஸ்டியரிங்கை மாவு பிசைகிற மாதிரி பிடிப்பாள். ஒருநாள் கடைத்தெருவில் வண்டி நகர்ந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ "ஏய்! ஏய்!" என்று கத்தினார்கள். அவள் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டாள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

"எதுக்கும்மா நிறுத்தினீங்க? முன்னாடி ரோடு காலியாத்தானே இருக்கு?" மாஸ்டர் எரிந்து விழுந்தார்.

"யாரோ கத்துனாங்களே மாஸ்டர்."

"கத்துனா? நம்மளையா கத்துனாங்க? எவனோ எவனையோ கூப்பிடறான்."

"இருக்கட்டும். நம்மளா இல்லையான்னு திரும்பிப் பாத்தாத்தானே தெரியும்? பாக்காமப் போயி எவன் மேலயாவது ஏத்திட்டா, கேக்கலேன்னு பொய் சொல்ல முடியுமா? நமக்குத் தெரியும்ல, கேட்டுச்சுன்னு."

அவள் பாட்டுக்குக் கண்ணாடியைச் சரிசெய்து திரும்பிப் பார்த்துவிட்டு, "காய்க்காரன், ஆளைக் கூப்பிடறான்" என்று சொல்லி வண்டியை எடுத்தாள். அடுத்த திருப்பத்தில் அவள் எதிர்ப்பக்கம் ஏறிப் போனபோதும் மாஸ்டர் திருத்தவில்லை. "மாஸ்டர், உடம்பு சரியில்லையா?" என்று அவளே ஓரங்கட்டினாள். அவர் அவளைக் கடையில் இறக்கிவிட்டு, அன்றைக்கு மீதியிருந்த ஆட்களுக்கெல்லாம் வேண்டாமென்று போன் செய்துவிட்டு, ஏரிக்கு ஓட்டினார்.

நல்ல வெயில். தக்கை படகுத்துறையில் உட்கார்ந்து சிக்கு விழுந்த நரம்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்து, கவிழ்த்திருந்த வாளியைத் துண்டால் துடைத்து, "உக்காருங்க மாமா. அக்கா எப்படி இருக்கு?" என்றான்.

மாஸ்டர் உட்காரவில்லை. "அன்னைக்கு நீ கத்துனே."

"இன்னும் சத்தமாக் கத்தியிருக்கணும் மாமா. புடிச்ச மீனைப் பையில போட்டுக்கிட்டு நின்னுட்டேன். நெனச்சா என் தொண்டைய அறுத்துக்கலாம் போல இருக்கு."

"எனக்குக் கேட்டுச்சு."

தக்கையின் விரல் நரம்பிலேயே நின்றது.

"கேட்டுச்சா?"

"நீ 'மாமா, பின்னாடி'ன்னு கத்துனது கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா உன் பேச்சைக் கேட்ட மாதிரி ஆயிடும்னு வீசிட்டேன்."

தக்கை தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரித்துக்கொண்டே மேலே வருகிற முகம் அது, இன்று எங்கோ அடியில் போய்த் தங்கிவிட்டது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"பாப்பாவுக்கு?"

"இல்ல. மொதல்ல உன்கிட்ட..."

"ஏன் மாமா மொதல்ல என்கிட்ட? நான்னா ஒண்ணும் சொல்ல மாட்டேன்னா?" அவன் குரல் உயரவில்லை. அப்படியே தணிந்து கேட்டதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை. "போங்க. அங்க போயிச் சொல்லுங்க."

"நீயும் வா மாப்ள."

"நான் வரல. வந்தா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லிடுவீங்க. அக்கா மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

வீட்டுக்கு வந்தபோது மனைவி மெஷினில் உட்கார்ந்து நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தாள். மகள் தரையில் உட்கார்ந்து காயவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, இந்நேரத்துல? சாப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி. முகத்தைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பி, நல்ல கண்ணால் அவரைத் தேடிப் பிடித்தாள்.

"உன் தம்பி அன்னைக்குப் பின்னாடின்னு கத்துனான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நீ வர்றேன்னு எனக்குத் தெரியாது, அது சத்தியம். ஆனா அவன் கத்துனது கேட்டுச்சு. அவன் பேச்சைக் கேக்கக் கூடாதுன்னுதான் திரும்பாம வீசினேன். ஏரிக்குப் போகணும்னு அவனை நச்சரிச்சதும் நான்தான். அந்தப் பொய்மீன் வேணாம்னு கடையிலேயே சொன்னான். எதிர்முள்ளை நசுக்கித் தர்றேன்னு குறடு எடுத்தான், நான் குடுக்கல. நீ குறுக்க வரல. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

முதலில் பேசியது மகள்தான். கையில் பாதி மடித்த துணி.

"நான் மாமாவ வராதீங்கன்னு சொன்னப்ப நீங்க அந்த நாற்காலியிலதானே இருந்தீங்க?"

"ஆமா."

"டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். "மாமா" என்று ஆரம்பித்து மேலே பேச முடியாமல் அவள் அழுவது உள்ளே கேட்டது.

மனைவி நூலை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். மாஸ்டர் நின்றுகொண்டே இருந்தார். திட்டுவாள், மெஷினில் இருப்பதை எடுத்து எறிவாள், அழுவாள் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தார். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தார்.

"குளிக்கிறப்ப, சோறு திங்கிறப்ப, மருந்து விடுறப்ப, எந்நேரமும் நான் என்னையே வைஞ்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் கடைசியில். "உங்களுக்கு முன்னாடிதான் வைஞ்சேன். நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"கை தவறுறது யாருக்கும்தான் தவறும். கண்ணு போனதைக்கூட நான் விட்டுருவேன், ஆனா இது..." மெஷினிலிருந்த கவுனை எடுத்து உதறி, மடியில் வைத்து நீவினாள். "போங்க. போயிச் சாப்பிடுங்க. மூடி வெச்சிருக்கு."

அவர் சாப்பிடவில்லை. அவள் வற்புறுத்தவும் இல்லை.

தக்கை மறுநாள் வந்தான். மகள் வாசலிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் மீன் கொண்டுவந்திருந்தான், குழம்பு கொதித்தது, எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாஸ்டருக்கும் தட்டு வைத்தார்கள், கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. தக்கை முன்பு போலவே மாமா என்றுதான் கூப்பிட்டான், ஆனால் அதோடு சேர்த்துச் சொல்கிற வேடிக்கைப் பேச்சு மட்டும் இல்லை. மாஸ்டர் தலையைக் குனிந்தபடி முள் எடுத்துச் சாப்பிட்டார்.

நாள் போகப் போக அவள் கை வழிக்கு வந்தது. டம்ளர் விளிம்பில் ஜக்கைத் தொட்டுவைத்துக்கொண்டு ஊற்றப் பழகினாள். கைத்தையலுக்கு நூலை ஊசிக்குக் கொண்டுபோகாமல் ஊசியை நூலுக்குக் கொண்டுவரவும், மெஷின் ஊசியை விரலால் தடவிக் கோக்கவும் பழகினாள். கல்யாணக் கவுனை முடித்துக் கொடுத்தாள். மகள் ஊருக்குக் கிளம்பிப் போனாள், போகும்போது அப்பாவிடம், "வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஒருநாள் மாஸ்டர் வேலையிலிருந்து வந்து, மெஷின் பக்கமாகப் போய் ஜன்னலைச் சாத்தக் கையை நீட்டினார். அவள் திடுக்கிட்டுத் தோளைச் சுருக்கிக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தை மறைத்தாள். துணி கீழே விழுந்தது.

"நான்தான்... ஜன்னலை..."

அவள் துணியைக் குனிந்து எடுத்தாள்.

"இனிமே இடது பக்கமா வந்தீங்கன்னா ஒரு சத்தம் குடுத்துட்டு வாங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "சத்தம் கேட்டா நான் திரும்பிப் பாப்பேன்."

மறுநாள் சாயங்காலம் மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறை வாசலில் நின்றார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய இடது பக்கம்தான் வாசலைப் பார்த்தாற்போல் இருந்தது. குரல் கொடுக்க வாயைத் திறந்தவருக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து "ஏய்", "இந்தா", "எங்க போனே" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. அவள் பெயரைச் சொல்லலாமா என்று நினைத்தார். நாக்குவரை வந்தது. அதைச் சொல்கிற தகுதி தனக்கு இன்னும் வரவில்லை என்று கூச்சமாக இருந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு லேசாகத் தொண்டையைக் கனைத்தார்.

மெஷின் உடனே நின்றது.

"யாரு?" என்று கேட்டுக்கொண்டே அவள் திரும்பினாள்.

"நான்தான்" என்றார் மாஸ்டர். உள்ளே வரலாம் என்று அவள் தலையசைக்கும்வரை அங்கேயே நின்றார்.